ரெண்டாம் டிகாக்‌ஷன்

எங்கள் தெருமுனையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், இஸ்திரி வண்டி ஒன்று நிற்கிறது. அடையாறு காந்தி நகரில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அபார்ட்மென்ட் ஆனபோதும், அந்த வண்டி மட்டும் இடம் மாறவில்லை. வண்டிக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் சற்று இறங்கிவிட்ட மனிதர். எங்கள் வீட்டு உடுப்புகளின் சரித்திரம் முழுக்க அவருக்குத் தெரியும். எந்தச் சட்டை எப்போது எனக்குச் சிறுத்துப்போனது என்பது உட்பட!

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மடித்த துணிகளோடு வீட்டுக்கு வந்தவர் உடனே கிளம்பாமல் நின்றார்.

"சார், ஒரு விஷயம் கேக்கணும். பையன் கார் வாங்கணும்ங்கிறான். செகண்ட் ஹேண்ட்தான். ஒன்றரை ரூபாய்க்கு வருதாம். நீங்க நாலு விஷயம் தெரிஞ்சவரு..."

'ஒன்றரை ரூபாய்' என்றால் ஒன்றரை லட்சம். மகன் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மனைவி, இரண்டு குழந்தைகள். நான்கு பேரும் ஒரே பைக்கில் போவதை நானே பார்த்திருக்கிறேன். பெரியவன் டேங்க் மேல். சின்னது அம்மா மடியில்.

போட்டோ காட்டினார். ஒரு பழைய சின்னக் கார். எந்த கம்பெனி என்பது முக்கியமில்லை. பார்த்தேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது.

"தாராளமா வாங்கச் சொல்லுங்க. உங்களுக்கு இது போதும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று மாலை என் மகளோடு ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். அவளுக்குப் புதுக் கார் வாங்குகிறோம். விற்பனைப் பையன் மியூசிக் சிஸ்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குறுக்கிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்பா. ஏர்பேக் எத்தனை? கிராஷ் டெஸ்ட்டில் எத்தனை ஸ்டார்?" என்று கேட்டேன்.

கேட்டு முடித்த அந்த நொடியில்தான் சுருக்கென்றது. காலையில் ஒரு அப்பா தன் பிள்ளைக்காக என்னிடம் வந்து கேட்டபோது, இந்தக் கேள்வி எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை?

வராததற்குக் காரணம் என்னுடைய அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. 'உங்களுக்கு இது போதும்.'

இந்த 'போதும்' இரண்டு விதம். 'எனக்கு இது போதும்' என்று சொன்னால் அது துறவு, மனநிறைவு, பெரிய மனசு. 'உனக்கு இது போதும்' என்றால்? அங்கே ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கிறது. ஆனால், தர்மம் தலைகீழாகிவிடுகிறது!

இந்தக் கேள்வியை ஒரு கார் கதையை வைத்தே யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நம் ஊர்க்காரர்கள் கை பட்டுத் தயாரான கார்தான். கதை மட்டும் ஜப்பானில் ஆரம்பிக்கிறது.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உங்களுக்கு வயதான மாமா யாராவது இருந்தால், 'டட்சன் 120ஒய்' என்று சொல்லிப் பாருங்கள். கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். எழுபதுகளில் அங்கே எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார்.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1911-ல் ஹஷிமோடோ என்ற எஞ்சினீயர் டோக்கியோவில் ஒரு சிறிய கார் பட்டறை தொடங்கினார். 1914-ல் வெளிவந்த காருக்கு, பணம் போட்டு உதவிய மூவரின் பெயர்களிலிருந்து முதல் எழுத்துகளை எடுத்து 'டாட்' என்று பெயர் வைத்தார். டென், அவோயாமா, டகேயுச்சி என்பவர்கள் அந்த மூவர். பிறகு 1931-ல் ஒரு குட்டிக் கார் வந்தபோது, டாட்டின் பிள்ளை என்ற அர்த்தத்தில் 'டாட்சன்' என்றார்கள். ஆனால், ஜப்பானிய மொழியில் 'சன்' என்ற ஒலிக்கு நெருக்கமாக நஷ்டம் என்று பொருள்படும் சொல் ஒன்று இருக்கிறது! நம் ஊர் வியாபாரிகளைப் போலவே அவர்களுக்கும் சகுனம் முக்கியம். ஆங்கிலத்தில் பிள்ளையைக் குறிக்கும் 'சன்'னை எடுத்துவிட்டு, சூரியனைக் குறிக்கும் 'சன்'னை வைத்துக்கொண்டார்கள். டட்சன் உதித்தது. அதைத் தயாரித்த நிறுவனம் 1934-ல் நிஸான் மோட்டார் என்று பெயர் மாறியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 'மேட் இன் ஜப்பான்' என்றால் அமெரிக்காவில் கேலிச் சிரிப்பு. மலிவு, மட்டம், ரெண்டு நாளில் உடையும் பொம்மை... இப்படித்தான் பெயர். அந்த நிலையில் 1960-ல் நிஸான் அங்கே அனுப்பிவைத்த மனிதர் யுடாகா கடயாமா. அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரும் கரடுமுரடான கார் பந்தயத்துக்கு இரண்டு டட்சன்களை அழைத்துப்போய், தங்கள் பிரிவில் வெற்றியோடு திரும்பியவர் அவர்.

டட்சனின் விலை குறைவுதான். 'இந்த விலைக்கு இது போதும்' என்று கடயாமா இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படி இருக்கவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைக்கு ஈடுகொடுக்கும் எஞ்சின் வேண்டும் என்று தலைமையகத்தோடு மல்லுக்கு நின்றார். அறுபதுகளின் கடைசியில் டட்சன் 510 வந்தது. விலை உயர்ந்த ஐரோப்பிய கார்களில் மட்டும் இருந்த பின்சக்கர சஸ்பென்ஷன் நுட்பம், சாதாரணக் குடும்பஸ்தன் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது. அடுத்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் அதன் பெயர் 'ஃபேர்லேடி'. அந்தப் பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று கடயாமா பெயர்ப்பலகையையே மாற்றி, '240 இசட்' என்று விற்றார். இன்றைக்கும் அதைப் பூஜை அறையில் வைக்காத குறையாகப் பாதுகாக்கும் ரசிகர்கள் உண்டு. 105 வயது வரை வாழ்ந்து 2015 பிப்ரவரியில் மறைந்தார் மனிதர்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். டட்சனுக்கு நல்ல பெயர் வந்தது, விலை குறைவு என்பதால் அல்ல. விலை குறைவாகக் கொடுப்பவனிடமும் ஒரு மரியாதை இருந்தது என்பதால்.

1981-ல் நிஸான் ஒரு முடிவெடுத்தது. உலகம் முழுக்க இனி 'நிஸான்' என்ற ஒரே பெயர்தான். டட்சன் என்ற பெயரை மெல்ல மெல்ல நிறுத்திவிடுவது. சில வருடங்களில் பெயர் மறைந்தது. 1999-ல் நிஸானே கடனில் மூழ்கும் நிலை. பிரான்ஸின் ரெனோ கைகொடுத்தது. கார்லோஸ் கோன் வந்து, ஆலைகளை மூடி, 21,000 வேலைகளைக் குறைத்து, கம்பெனியை லாபத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கூட்டணிதான் 2010-ல் நம் ஒரகடத்தில் ஆலையைத் திறந்தது.

ஒரகடம் தெரியும் இல்லையா? அடையாறிலிருந்து கிளம்பி, தாம்பரம், வண்டலூர் தாண்டி வாலாஜாபாத் சாலையில் போனால், வயல்கள் இருந்த இடத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள். அங்கே முதலில் தயாரானது நிஸான் மைக்ரா. காஞ்சிபுரம் பக்கத்துப் பையன்கள் பூட்டிய அந்த கார், எண்ணூர் துறைமுகம் வழியாகக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. பெருமையான விஷயம். 2010-ல் ஐரோப்பாவின் மோதல் சோதனையில் மைக்ரா வாங்கியது நான்கு நட்சத்திரம்.

2013-ல், முப்பது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த டட்சன் என்ற பெயரை மறுபடி எழுப்பினார்கள். இந்தியா, இந்தோனேஷியா, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளுக்கான பெயராக. முதல் முறையாக கார் வாங்கும் குடும்பங்களுக்கு. 2014 மார்ச்சில் 'டட்சன் கோ' விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 3.12 லட்சம் ரூபாய். தயாரானது அதே ஒரகடம் ஆலையில். மைக்ராவின் அதே அடித்தளக் குடும்பத்தில் பிறந்த தம்பி.

அதே வருடம் நவம்பரில், குளோபல் என்கேப் என்ற அமைப்பு அதை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. கிடைத்தது பூஜ்ஜியம். கூடு நொறுங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, இதில் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது என்றார்கள். அமைப்பின் தலைவர், விற்பனையை நிறுத்தச் சொல்லி கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதினார். இந்தியச் சட்டம் கேட்கும் எல்லாமே காரில் இருக்கிறது என்பது நிஸானின் பதில். அது பொய்யும் இல்லை!

ஒரு கம்பெனியை மட்டும் கூண்டில் ஏற்றக்கூடாது. அந்த வருடத்தில் நம் ஊரின் பல பிரபலமான சின்ன கார்கள் இதே சோதனையில் பூஜ்ஜியம் வாங்கின. இந்தியப் பெயர், கொரியப் பெயர், அமெரிக்கப் பெயர், ஜெர்மன் பெயர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனாலும் என்னை உறுத்துவது டட்சன் கதைதான். ஒரே ஆலை. ஒரே தொழிலாளி. ஒரே ஜப்பானியப் பெயர். ஐரோப்பாவுக்குப் போகிற அண்ணனுக்கு நான்கு நட்சத்திரம். உள்ளூரில் தங்கும் தம்பிக்குப் பூஜ்ஜியம்.

இங்கேதான் எனக்கு எங்கள் வீட்டு ஃபில்டர் ஞாபகம் வந்தது.

உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் இறங்கும் முதல் டிகாக்‌ஷன், கறுப்பாக, கெட்டியாக, வீட்டு மனிதர்களுக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் ரெண்டாம் டிகாக்‌ஷன், வேலைக்கார அம்மாவுக்கும் இஸ்திரிக்காரருக்கும். ஒரே ஃபில்டர், ஒரே பொடி. பெயரும் காபிதான். 'காபி குடுத்தோம்' என்ற திருப்தியும் நமக்கு உண்டு. ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும்..?

சரி, எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். அது லேசான வாதம் இல்லை.

'நான்கு பேர் பைக்கில் போகிறார்கள். அவர்களுக்கு நட்சத்திரமும் கிடையாது, கூடும் கிடையாது. பூஜ்ஜிய ஸ்டார் காரில்கூட மழைக்கு ஒரு கூரை, சுற்றிலும் ஒரு தகடு இருக்கிறது. பாதுகாப்பு சாமான்களைச் சேர்த்து விலையை ஏற்றினால் அவர்கள் கார் வாங்காமல் பைக்கிலேயே இருப்பார்கள். அதுதான் பெரிய ஆபத்து.' இதுதான் வாதம். மழையில் ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு நானோ கார் கனவே வந்தது. கணக்கும் இந்த வாதத்துக்கு ஆதரவாக இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,000-க்கும் மேல். அதில் சுமார் 44 சதவிகிதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

நான் நிறைய யோசித்தேன். வாதம் பாதி சரி. எல்லோருக்கும் ஒரே கார் கொடு என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்து வராது. மூன்று லட்சத்துக்கு முப்பது லட்சம் காரின் சொகுசு வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. பவர் விண்டோ வேண்டாம், பாட்டுப்பெட்டி வேண்டாம், சீட் கொஞ்சம் கடினமாகவே இருக்கட்டும். இவையெல்லாம் வாங்குபவன் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, 'பரவாயில்லை, எனக்கு இது போதும்' என்று தானே சொல்லக்கூடியவை.

ஆனால், கதவுக்குள் இருக்கும் இரும்பை அவன் பார்க்க முடியாது. மோதும்போது கூடு தாங்குமா என்பதைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அது ஒரே ஒரு நாள்தான் தெரியும். தெரிகிற அந்த நாளில், தெரிந்தும் பயனில்லை. பைக்கில் போகும்போது அவனுக்கு பயம் இருக்கிறது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான், மெதுவாகப் போகிறான். நாலு கதவையும் சாத்திக்கொண்ட பிறகு அந்த பயம் போய்விடுகிறது. நம்பிக்கை வந்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பதில் போகிறான். நாம் அவனுக்கு விற்றது காரை மட்டும் இல்லை, அந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான். அதற்குத்தானே டட்சன் என்ற பழைய பெயரே தேவைப்பட்டது?

பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதுதான் வாணிகம் என்பது வள்ளுவர் கருத்து. அதை இந்தக் காலத்துக்குத் தகுந்தாற்போல ஒரு சின்னக் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்: 'இதில் என் பெண்ணை உட்காரவைத்து அனுப்புவேனா?' பதில் 'மாட்டேன்' என்றால், அதை வாங்குகிறவனிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். 'ஐயா, விலை குறைவு. ஆனால், மோதினால் தாங்காது' என்று. அதற்குப் பிறகும் அவன் வாங்கினால் அது அவன் தேர்வு. சொல்லாமல் விற்றால், அவனுக்கு பதிலாக நாம் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

வாங்குகிற நம் பங்கும் இதில் இல்லாமல் இல்லை. 'கிலோமீட்டர் எவ்வளவு குடுக்கும்?' என்ற கேள்வியை இந்த நாட்டில் கேட்காதவர் உண்டா? 'மோதினால் என்ன ஆகும்?' என்று எத்தனை பேர் கேட்டோம்? அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டோம். எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்கியதோடு பாதுகாப்புச் சோதனை முடிந்தது!

கேட்க ஆரம்பித்ததும் என்ன ஆனது தெரியுமா? 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2019-ல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2023-ல் பாரத் என்கேப் என்று நம் நாடே நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. டட்சன் கோவே 2018-ல் புதுப்பிக்கப்பட்டபோது எல்லா ரகத்திலும் இரண்டு ஏர்பேக் வந்தது. ஆனால் பெயர் மீளவில்லை. 2022-ல் டட்சன் இரண்டாவது முறையாக மறைந்தது. 2025 மார்ச்சில், ஒரகடம் ஆலையில் நிஸானுக்கு இருக்கும் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள்.

இதில் சந்தோஷமான ஒரு செய்தியும் உண்டு. அதே 2025-ல், அதே ஒரகடத்தில் தயாரான நிஸான் மேக்னைட், அதே குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பதினோரு வருடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து. ஆலை அதேதான். ஊர் அதேதான். ஆகவே திறமை இல்லாமல் இல்லை. 'இவர்களுக்கு இது போதும்' என்று எங்கோ ஒரு மேஜையில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். அது மாறியதும் எல்லாம் மாறிவிட்டது.

அந்த மேஜை எங்கோ ஜப்பானில் மட்டும் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் ஒன்று இருக்கிறது. என்னிடமும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இந்தப் பாடம் போதும், தர்ம ஆஸ்பத்திரி நோயாளிக்கு இந்த விளக்கம் போதும், வாட்ச்மேனுக்கு இந்த ரூம் போதும்... தினமும் எத்தனை ஃபைலில் கையெழுத்துப் போடுகிறோம்!

மறுநாள் காலையில் இஸ்திரி வண்டிக்குப் போனேன்.

"நேத்து நான் சொன்னது தப்பு. அந்த வண்டி வேண்டாம். ஏர்பேக் கிடையாது. ரொம்பப் பழைய மாடல். கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து, நல்லதா பார்க்கலாம். நானும் கூட வரேன்."

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அட்வான்ஸ் குடுத்தாச்சே சார். ஐயாயிரம். நீங்க போதும்னு சொன்னீங்கன்னு நேத்து சாயங்காலமே குடுத்துட்டான்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஐயாயிரத்தை நான் தந்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "பையன்கிட்ட பேசறேன் சார். புள்ளைங்க போற வண்டி..." என்று மட்டும் சொன்னார். என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து துணி கொண்டுவந்தபோது, அந்த காரை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஐயாயிரத்தில் மூவாயிரம்தான் திரும்பி வந்ததாம். மீதியைக் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் நான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் எதுவும் பேசவில்லை. அன்று காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு காபி நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்மா" என்றார்.

கார் விஷயத்தில் அவருக்குத் தெரியாமல் இருந்தது, சரி. காபி விஷயத்தில் இத்தனை வருடமும் தெரிந்தேதான் குடித்திருக்கிறார். தெரிவது மட்டும் போதாது போலிருக்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய இடத்தில் ஒரு மனிதன் நிற்கவும் வேண்டும். அந்த இடத்தை அவருக்கு நாங்கள் கொடுத்திருக்கவில்லை.

உங்கள் வீட்டு ஃபில்டரை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். யாருக்கு எந்த டிகாக்‌ஷன் போகிறது?